ஜீனில் கோளாறு, மருந்து ஆர்.என்.ஏ.வில்: எப்படி?

பாம்பனிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "மேடம், அக்கா மகனுக்கு ஒன்றரை வயது. உட்காருகிறான், நிற்க முடியவில்லை. மதுரையில் காட்டினோம். எஸ்.எம்.ஏ. என்ற தசை நலிவு நோய், இரண்டாம் வகை என்றார்கள். மருந்து இருக்கிறது, அது ஜீனை மாற்றாது, ஒரு புரதம் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்காமல் தடுக்கும் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பதற்கென்றே புரதங்கள் இருக்கின்றனவா? அவை கெட்டவையா? பிடிப்பதைத் தடுத்தால் பிள்ளைக்கு எப்படி நல்லது?"

டாக்டர் சொன்னது சரிதான் அம்மா. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வீட்டில் விளக்க முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வகுப்பில் கரும்பலகையில் டி.என்.ஏ. என்று எழுதி, ஒரு அம்புக்குறி போட்டு ஆர்.என்.ஏ., இன்னொரு அம்புக்குறி போட்டுப் புரதம் என்று எழுதுவேன், நினைவிருக்கும். பாடத்திட்டம் முடிய வேண்டும் என்ற அவசரத்தில் அந்த அம்புக்குறிகளை அப்படியே கடந்துவிடுவோம். உன் கேள்விக்கான பதில் முழுக்க அந்த அம்புக்குறிகளுக்குள்தான் இருக்கிறது.

உன் அப்பா பாம்பனில் மீன் ஏலம் எடுப்பவர். படகு கரைக்கு வந்துவிட்டால் மட்டும் மீன் சோற்றுக்கு வந்துவிடுமா? கூடையில் அள்ளும் கை, தரம் பிரிக்கும் கை, ஐஸ் போடும் கை, ஏலம் கூறும் ஆள், வண்டியில் ஏற்றுபவர் என்று எத்தனை பேர் நடுவில் இருக்கிறார்கள். எது இன்றே விற்க வேண்டியது, எது பெட்டியில் போக வேண்டியது, எது கருவாட்டுக்கு, எதைக் கழிக்க வேண்டும் என்று அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். கடலில் எவ்வளவு பாடு கிடைத்தது என்பது ஒரு கணக்கு. யார் வீட்டுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பது வேறு கணக்கு. செல்லுக்குள்ளும் ஜீனிலிருந்து படியெடுக்கப்பட்ட தூது ஆர்.என்.ஏ. அப்படித்தான் வந்து இறங்குகிறது. மீனைப் போலவே அதுவும் கெட்டுப்போகிற பொருள். சில தூதுகள் அரை மணி நேரத்தில் பாதியாகிவிடும், சில பல நாள் தாங்கும். அது பிறந்த நொடியிலிருந்து சிதையும் நொடிவரை ஏதாவது ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. வெற்றாக அது இருப்பதே இல்லை.

மனித உடலில் புரதம் தரும் ஜீன்கள் சுமார் 20,000. அவற்றில் ஏறக்குறைய 1500 ஜீன்கள் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதங்களுக்கானவை. இவ்வளவு பெரிய படை எதற்கு? தூதை வெட்டி ஒட்டவும், உட்கருவிலிருந்து வெளியே அனுப்பவும், செல்லின் எந்த மூலைக்குப் போக வேண்டும் என்று திருப்பவும், புரதம் கட்டும் ரைபோசோமிடம் கொடுக்கவும், கொடுக்காமல் நிறுத்தி வைக்கவும், வேலை முடிந்ததும் சிதைக்கவும்தான். இவற்றில் பலவற்றுக்குத் தொண்ணூறு அமினோ அமிலம் அளவில் ஒரு சிறிய மடிப்பு உண்டு. அதுதான் பிடிக்கும் உள்ளங்கை. ஆர்.என்.ஏ. சங்கிலியின் கண்ணிகளை எழுத்துகள் என்போம்; ஒரு உள்ளங்கைக்குள் அவற்றில் நாலைந்துதான் அடங்கும். அதனால் ஒரே புரதத்தில் இரண்டு மூன்று உள்ளங்கைகள் வரிசையாக இருப்பதும் சகஜம்.

நல்ல புரதமா, கெட்ட புரதமா என்று கேட்டாயே, அதற்கு இரும்பை வைத்துப் பதில் சொல்கிறேன். நம் கரையோர ஊர்களில் இரும்புச்சத்து மாத்திரை வாங்காத கர்ப்பிணி கிடையாது என்பதால் இது உனக்கு அந்நியமாக இருக்காது.

செல்லுக்கு இரும்பு வேண்டும், அதிகமானால் நஞ்சு. இரும்பை உள்ளே இழுக்க ஒரு வாசல் இருக்கிறது, டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி. மிஞ்சியதைப் பூட்டி வைக்க ஒரு பெட்டி இருக்கிறது, ஃபெர்ரிட்டின். இரும்பு குறைந்தால் வாசல் கூட வேண்டும், பெட்டி குறைய வேண்டும். இரும்பு கூடினால் நேர்மாறாக. ஐ.ஆர்.பி.1, ஐ.ஆர்.பி.2 என்ற இரண்டு புரதங்கள் இந்த இரண்டு வேலையையும் ஒரே பிடியில் செய்கின்றன. இரண்டு தூது ஆர்.என்.ஏ.விலும் கொண்டை ஊசி போல வளைந்த ஒரு பகுதி உண்டு. ஃபெர்ரிட்டின் தூதில் அது தலைப்பக்கம் இருக்கிறது. அங்கே புரதம் போய்ப் பிடித்தால் ரைபோசோம் ஏற வழியில்லாமல் நின்றுவிடும், பெட்டி தயாராகாது. வாசலுக்கான தூதில் அதே கொண்டை ஊசிகள் வால்பக்கம் ஐந்து இருக்கின்றன. அங்கே அதே புரதம் பிடித்தால், தூதைச் சிதைக்க வருகிற நொதிக்கு இடம் கிடைக்காது. தூது நீடிக்கும், வாசல்கள் பெருகும்.

புரதமும் அதேதான், பிடியும் அதேதான். தலையில் பிடித்தால் நிறுத்தம், வாலில் பிடித்தால் காப்பு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். இன்னொன்றையும் பார். ஐ.ஆர்.பி.1 தன் மடியில் நான்கு இரும்பு அணுவும் நான்கு கந்தக அணுவும் கொண்ட ஒரு கட்டியை வைத்திருக்கும்போது ஆர்.என்.ஏ.வைப் பிடிக்காது, அப்போது அது சிட்ரேட்டை மாற்றும் சாதாரண நொதி. இரும்பு குறைந்து அந்தக் கட்டி கழன்ற பிறகுதான் கை காலியாகி ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கிறது. செல்லில் இரும்பு இருக்கிறதா என்று தனியாக யாரும் போய் அளக்க வேண்டியதில்லை.

இந்தப் பிடி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. ஃபெர்ரிட்டினில் ஒரு வகையின் தூதில் அந்தக் கொண்டை ஊசியில் ஓரெழுத்து மாறிவிட்டால் புரதத்தால் பிடிக்க முடியாது. தடுப்பார் இல்லாமல் ஃபெர்ரிட்டின் குவியும். ரத்தத்தில் ஃபெர்ரிட்டின் அளவு மிக அதிகமாகக் காட்டும், ஆனால் உடம்பில் இரும்பு மிகையாக இருக்காது. கண் வில்லையில் அது படிந்து இளவயதிலேயே கண்புரை வரும். அறிக்கையை மட்டும் பார்த்து இரும்பு கூடிவிட்டது என்று ரத்தத்தை எடுத்தால் நோயாளிக்கு ரத்தசோகைதான் மிஞ்சும். இத்தனைக்கும் ஃபெர்ரிட்டின் புரதத்துக்கான எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. பிடிக்கும் இடம் மட்டும்தான் மாறியது.

சரி, இப்போது உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வருவோம்.

ஜீனிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.வில் தேவையானதும் தேவையற்றதும் மாறி மாறி இருக்கும். தேவையான துண்டுகளுக்கு எக்சான் என்று பெயர், நடுவில் வருபவை இன்ட்ரான். 1977-இல் ஃபிலிப் ஷார்ப்பும் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் இதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1993-இல் நோபல் பரிசு பெற்றார்கள். தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் ஜீன் 20 லட்சம் எழுத்துக்கும் மேல் நீளமானது. வெட்டி ஒட்டி முடித்தபின் தூதில் நிற்பது சுமார் 14,000 எழுத்துதான். எந்த எக்சான் உள்ளே வர வேண்டும், எது விலக வேண்டும் என்பதில் இரண்டு பக்கத்துப் புரதங்கள் இழுபறி நடத்துகின்றன. ஒரு கூட்டம் 'இதைச் சேர்' என்று ஒட்டிக்கொள்ளும், இன்னொரு கூட்டம் 'இதை விடு' என்று ஒட்டிக்கொள்ளும். எது வலுவாகப் பிடித்திருக்கிறதோ அதன்படி வெட்டு விழும்.

எஸ்.எம்.ஏ. என்பது முதுகுத்தண்டிலிருந்து தசைக்குப் போகும் நரம்புச் செல்கள் அழிவதால் வரும் தசை நலிவு. ஐந்தாவது குரோமோசோமில் எஸ்.எம்.என்.1 என்ற ஜீன் இல்லாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம். மனிதருக்கு மட்டும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே எஸ்.எம்.என்.2 என்று ஏறக்குறைய அச்சு அசலான இரட்டை ஜீன் ஒன்று எல்லா நோயாளிகளிடமும் இருக்கிறது. வித்தியாசம் முக்கியமாக ஒரே எழுத்தில்தான்: ஏழாவது எக்சானில் 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. அந்த எழுத்தால் அமினோ அமிலம் மாறுவதில்லை. பழைய பாடப்புத்தகத்தைப் பார்த்தால் 'தீங்கில்லாத மாற்றம்' என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் அந்த ஓரெழுத்து மாறியதில் 'சேர்' என்னும் புரதத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது, 'விடு' என்னும் புரதத்துக்குப் பிடிமானம் கிடைக்கிறது. ஏழாவது எக்சான் விடுபடுகிறது. அரைகுறைப் புரதம் உருவாகி உடனே சிதைந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் முழுப் புரதம் கிடைக்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் பிள்ளை இதுவரை உட்காரும் அளவுக்கு வந்திருக்கிறான்.

ஏழாவது எக்சானை அடுத்த இன்ட்ரானில் 'விடு' என்னும் கூட்டத்தைச் சேர்ந்த ஹெச்.என்.ஆர்.என்.பி. ஏ1 என்ற புரதம் உட்காரும் இடம் ஒன்றை ஆய்வாளர்கள் 2006-இல் அடையாளம் கண்டார்கள். அந்த இடத்தின்மேல் சரியாகப் பொருந்தும்படி 18 எழுத்தில் ஒரு செயற்கைத் துண்டைச் செய்து போர்த்திவிட்டால், புரதம் வந்து உட்கார முடியாது. தடை விலகியதும் ஏழாவது எக்சான் சேர்ந்துகொள்கிறது, எஸ்.எம்.என்.2-இலிருந்தே முழுப் புரதம் கிடைக்கிறது. நுசினெர்சென் மருந்து அதுதான். ஏட்ரியன் கிரெய்னரின் ஆய்வுக்குழு இதில் பெரும் பங்காற்றியது. அமெரிக்காவில் 2016 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. ரத்தத்திலிருந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அது போகாது என்பதால் முதுகுத்தண்டு நீரில் ஊசியாகப் போடுகிறார்கள்: முதல் இரண்டு மாதத்தில் நான்கு முறை, பிறகு நான்கு மாதத்துக்கு ஒரு முறை. ரிஸ்டிப்ளாம் என்ற இன்னொன்று 2020-இல் வந்தது, தினமும் வாயில் கொடுப்பது. அதன் வேலை, 'சேர்' பக்கத்துக்குக் கை கொடுப்பது.

ஆக, தடுக்கப்படும் புரதம் கெட்டது இல்லை. ஹெச்.என்.ஆர்.என்.பி. ஏ1 இல்லாமல் எத்தனையோ ஆர்.என்.ஏ. சரியாக வெட்டப்படாது. அதை உடம்பிலிருந்து அகற்றினால் பெரும் கேடு. அந்த ஒரு தூதில், அந்த ஒரு இடத்தில் மட்டும் உட்காராதே என்று மறிக்கிறோம். வீட்டில் கேட்டால் இப்படிச் சொல்: பிள்ளையிடம் பழுதாகிப்போன ஜீனுக்கு ஒரு தம்பி ஜீன் இருக்கிறது, அது பேச வாயெடுக்கும்போதெல்லாம் ஒரு கை வாயைப் பொத்துகிறது, மருந்து அந்தக் கையை விலக்குகிறது.

வீட்டுக்கு இவ்வளவு போதும். நீ விலங்கியல் படித்தவள் என்பதால் இன்னும் கொஞ்சம்.

பிடி தவறுவது பல விதம். புரதம் நன்றாகவே இருந்து, அதை வேறொரு ஆர்.என்.ஏ. சிறைப்பிடித்துக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு: மயோட்டானிக் டிஸ்ட்ரோஃபி. டி.எம்.பி.கே. ஜீனின் வாலில் 'சி.டி.ஜி.' என்ற மூன்றெழுத்து நம்மில் பெரும்பாலோருக்கு ஐந்து முதல் முப்பத்தேழு முறைதான் திரும்ப வரும். நோயாளிகளுக்கு ஐம்பதைத் தாண்டி ஆயிரக்கணக்கில்கூடப் போகும். அந்த நீண்ட ஆர்.என்.ஏ. உட்கருவுக்குள் சிக்குண்டு கிடந்து, மஸ்கில்பிளைண்ட் என்ற வெட்டி ஒட்டும் புரதங்களைச் செவுள்வலை போலப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் புரதம் போய்ச் செய்ய வேண்டிய வேலையெல்லாம் நிற்கிறது. வளர்ந்த தசைக்கு வேண்டிய குளோரைடு வாய்க்காலின் தூது தவறாக வெட்டுப்படுகிறது. விளைவு, இறுக்கிய தசை உடனே தளராது. கயிற்றை இழுத்துப் பிடித்தவர் விட நினைத்தாலும் விரல் பிரிய நேரமாகும். உள்ளே ஒரு ஆர்.என்.ஏ. புரதத்தை விடமாட்டேன் என்கிறது, வெளியே கை கயிற்றை விடமாட்டேன் என்கிறது. இதை முதலில் படித்த அன்று நான் வெகுநேரம் புத்தகத்தை மூடவில்லை.

இன்னொரு விதம், புரதம் இடம் மாறிப்போவது. ஸ்டீபன் ஹாக்கிங்கைப் பாதித்த ஏ.எல்.எஸ். நோயை அறிந்திருப்பாய். இறந்தவர்களின் நரம்புச் செல்களில் காணப்பட்ட புரதக் கட்டிகள் எதனால் ஆனவை என்று 2006-இல் தெரிந்தது: டி.டி.பி.-43. இது உட்கருவுக்குள் இருந்து ஆர்.என்.ஏ.வைப் பிடிக்க வேண்டிய புரதம். ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 97 விழுக்காட்டினரிடம் இது உட்கருவை விட்டு வெளியேறி, சைட்டோபிளாசத்தில் கட்டியாகக் கிடக்கிறது. இதில் இரட்டை நஷ்டம். வெளியே கட்டியால் தொல்லை. உள்ளே காவல் இல்லாததால், விலக்கப்பட வேண்டிய குப்பைத் துண்டுகள் தூதுக்குள் நுழைந்துவிடுகின்றன. நரம்பு நாரைப் பேணும் ஸ்டாத்மின்-2 என்ற புரதத்தின் தூது இப்படித்தான் பாதியில் முறிகிறது என்று 2019-இல் காட்டினார்கள். அங்கேயும் போர்த்தி மறைக்கும் துண்டுகளைச் செய்து பார்க்கிறார்கள். உன் அக்கா மகனின் மருந்து திறந்துவிட்ட வழி அது.

இல்லாமலே போவது மூன்றாவது விதம். எஃப்.எம்.ஆர்.பி. என்ற புரதம் நரம்புச் சந்திப்புகளில் சில தூதுகளை 'இப்போது வேண்டாம்' என்று நிறுத்தி வைக்கிறது. அதன் ஜீன் அடைபட்டுப்போனால் ஃபிராஜைல் எக்ஸ் என்ற பரம்பரை அறிவுத்திறன் குறைபாடு வருகிறது. அழற்சியிலும் இதே கதைதான். உடம்பு வீங்கிச் சிவக்கக் காரணமான டி.என்.எஃப். என்ற புரதத்தின் தூதை டி.டி.பி. என்ற வேறொரு புரதம் பிடித்துச் சீக்கிரம் சிதைக்கும். டி.டி.பி.-43 வேறு, இது வேறு, பெயர்தான் குழப்பும். இது இல்லாத எலிகள் மெலிந்து, மூட்டு வீங்கிப் போனதை 1996-இல் கண்டார்கள். அணைக்க ஆளில்லாத அடுப்பு மாதிரி.

நோயாகவே பேசிவிட்டேன். மண்டபம் கடற்கரையில் மாணவர்களோடு கடல் முள்ளெலி முட்டையை நுண்ணோக்கியில் பார்த்தோமே, அது இந்தப் புரதங்களின் நல்ல பக்கம். முட்டைக்குள் தாய் வைத்த தூதுகள் ஏராளம், ஆனால் எல்லாம் மூடி வைக்கப்பட்டவை. விந்து சேர்ந்த சில நிமிடங்களில் புரத உற்பத்தி எகிறுகிறது. புதிதாக ஆர்.என்.ஏ. எழுதுவதையே மருந்து போட்டு நிறுத்தினாலும் முட்டை பிளந்துகொண்டே போகிறது என்று 1960-களில் கண்டார்கள். ரஷ்யாவில் அலெக்சாண்டர் ஸ்பிரின் 1964-இல் மீன் கருவில் ஆர்.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த துகள்களைக் கண்டார். ஐஸ் பெட்டியில் காத்திருக்கும் சரக்கு மாதிரி, தாய் அனுப்பிய தூது, புரதம் போர்த்திக் காத்திருக்கிறது.

அப்புறம் கணவாய். ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) மூன்றும் நம் கரையில் இறங்குகின்றன. உருவாகும் புரதமே மாறும்படி ஆர்.என்.ஏ.வில் இவ்வளவு திருத்தம் செய்யும் விலங்கினம் உலகில் வேறு அறியப்படவில்லை. ஏ.டி.ஏ.ஆர். என்ற புரதம் இரட்டை இழையாக மடிந்த ஆர்.என்.ஏ.வைப் பிடித்து ஒரு 'ஏ' எழுத்தை மாற்றிவிடும். ரைபோசோம் அதை 'ஜி' என்று படிக்கும். ஜீனில் இருப்பது ஒன்று, உருவாகும் புரதம் வேறொன்று. கலிபோர்னியக் கடலில் வாழும் ஒரு பேய்க்கணவாயைக் குளிர்ந்த நீருக்கு மாற்றியபோது 13,000-க்கும் மேற்பட்ட இடங்களில் திருத்தம் கூடியதை 2023-இல் வெளியிட்டார்கள். குளிருக்குத் தகுந்தபடி நரம்பை மாற்றிக்கொள்ள ஜீன் மாறத் தேவையில்லை. நமக்கும் இந்தப் புரதம் உண்டு. மூளையில் குளுட்டமேட் ஏற்பி ஒன்றின் தூதில் ஒரே ஓர் எழுத்தை அது திருத்துகிறது. அந்தத் திருத்தம் செய்யும் புரதம் இல்லாத எலிக்குட்டிகள் வலிப்பு வந்து இறந்துவிடும்.

இனி அக்காவுக்கான விஷயம். பிள்ளைக்கு எஸ்.எம்.என்.2 ஜீன் எத்தனை படி (நகல்) இருக்கிறது என்று அறிக்கையில் இருக்கிறதா பார், இல்லையென்றால் கேள். படி கூடக்கூட நோயின் கடுமை பொதுவாகக் குறையும். மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அழிந்த நரம்புச் செல் திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றத்தான் மருந்து. விலை மிகப் பெரிது என்பது உண்மை. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வந்தது; எஸ்.எம்.ஏ. அதன் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய்வரை உதவிக்கு இடமுண்டு. எந்த மையத்தில் பதிய வேண்டும் என்று டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். மருந்து கிடைக்கும்வரை இயன்முறைப் பயிற்சியை நிறுத்த வேண்டாம். சளி பிடித்தால் காத்திருக்காமல் காட்ட வேண்டும், மூச்சுத் தசையும் பலவீனமாக இருக்கும்.

அக்காவையும் அத்தானையும் யாரும் குறை சொல்ல விடாதே. உலக அளவில் ஏறக்குறைய ஐம்பதில் ஒருவர் இந்த ஜீனின் பழுதான படி ஒன்றைத் தெரியாமலே சுமக்கிறோம், நானும் சுமக்கலாம். சுமப்பவர் இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் மணம் முடித்த குடும்பம் என்றால் இருவரும் அதே படியைச் சுமக்கும் சாத்தியம் கூடும். அடுத்த பிள்ளை வேண்டுமென்று நினைத்தால் கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனைக்குப் போகச் சொல். பதினொன்றாவது வாரத்திலிருந்து பதின்மூன்றாவது வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் சோதித்துச் சொல்ல முடியும். அறிக்கையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, சேர்ந்து படிப்போம்.